பூசணிக்காய்க்கு ஓர் இலை

அப்பாவின் அறுபதாம் கல்யாணப் பந்தியில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று பைத்தானில் நிரல் எழுதியவள் நான். சென்னைக் கம்பெனி ஒன்றுக்குப் பாளையங்கோட்டை வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய பட்டியல், அதற்குள் எட்டு வரிசைகள், ஒவ்வொன்றும் ஒரு பட்டியல், அவற்றுக்குள் பெயர்கள். மொத்தத்துக்கும் ‘அசல்’ என்று பெயர் வைத்தேன்.

மூன்றாம் வரிசையில் சித்தப்பாவும், அம்மாவின் அண்ணனான ஏரல் மாமாவும் அடுத்தடுத்து இருந்தார்கள். குற்றாலம் போன வேனில் முன் சீட் யாருக்கு என்ற தகராறில் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்ளாதவர்கள். சேர்த்து உட்காரவைத்தால் பேசிவிடுவார்கள் என்பது அப்பாவின் திட்டம். நாள் நெருங்கியதும் அவருக்கே பயம் வந்துவிட்டது.

“ஏட்டி, மாமா இல்லாம ஒண்ணு போட்டுப் பாரேன். அசல்ல மட்டும் கை வச்சிராத.”

“அதுக்குத்தாம்ப்பா நகல் எடுக்கேன்.”

காப்பி என்ற ஒற்றைக் கட்டளையில் நகல் எடுத்தேன். சோதித்துப் பார்க்க நகலில் ஒன்பதாவதாக ஒரு வரிசையைச் சேர்த்தேன். அசலில் எட்டுதான் இருந்தது. தைரியம் வந்துவிட்டது.

“மாமா இடத்துல என்ன போட?”

“எதையாவது போடு. பூசணிக்காய்னு போடு.”

போட்டேன். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, “வேண்டாம்ட்டி. என்ன ஆனாலும் அவங்க பக்கத்துல பக்கத்துலதான்” என்றார். நகலை அழித்தேன். அசலைத் திறந்துகூடப் பார்க்காமல் அதையே பெயர்ச் சீட்டுகளாக அச்சடிக்க அனுப்பினேன்.

கல்யாணத்தன்று நான் பந்திக்குள் நுழைந்தபோது, சித்தப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு வெண்பூசணி உட்கார்ந்திருந்தது. திருஷ்டி சுற்ற வாங்கி வைத்திருந்தது. அதன் இலையில் அவியல், பருப்பு, நெய் எல்லாம் பரிமாறியாகிவிட்டது.

பந்தியைக் கவனித்தவரிடம் ஓடினேன். “அண்ணாச்சி, இது என்னது?”

“சீட்டுல அப்படித்தானேம்மா போட்டிருக்கு. ஏதோ வேண்டுதல்னு நெனச்சேன்.”

அதற்குள் மாமா வந்து நின்றுவிட்டார். பூசணிக்காயைப் பார்த்தார். கேட்பதற்குப் பக்கத்தில் சித்தப்பாவைத் தவிர ஆளில்லை.

“வே, இது எவ்வளவு நேரமா இங்கன இருக்கு?”

“நான் வரும்போதே இருந்துச்சு அத்தான்.”

“இதப் பைய எடுத்துக் கீழ வைக்கக் கூடாதா?”

“யாரு எடம்னு தெரியாம எப்படி எடுக்க?”

மாமா யோசித்தார். பிறகு பூசணிக்காயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த இலையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். சித்தப்பா அவருக்காகப் பாயசக்காரரைக் கூப்பிட்டார்.

சாப்பிட்டதும் மாமா என்னைத் தேடி வந்தார். அவர் பத்திரம் எழுதுகிறவர். நான் தட்டுத்தடுமாறி விளக்கினேன்: காப்பி வெளிப் பட்டியலை மட்டும்தான் புதிதாகச் செய்கிறது, உள்ளே இருக்கும் வரிசைகள் இரண்டுக்கும் பொது.

“அப்போ உறையத்தான் புதுசா போட்டிருக்க. உள்ள இருக்கது மூலப் பத்திரம். அதுலேயே பூசணிக்காய்னு எழுதிட்ட.”

“ஆமா மாமா. டீப்காப்பின்னு ஒண்ணு இருக்கு. உள்ள உள்ளதையும் தனியா நகல் எடுக்கும். அதைப் போட்டிருக்கணும்.”

“போட்டுக் காட்டு.”

மண்டபத்திலேயே லேப்டாப்பைத் திறந்தேன். டீப்காப்பியில் நகல் எடுத்து, அதில் அப்பாவின் பெயர் இருந்த இடத்தில் கத்தரிக்காய் என்று போடச் சொன்னார். பிறகு அசலைத் திறக்கச் சொன்னார். அதில் அப்பா அப்பாவாகவே இருந்தார். மாமா குனிந்து இரண்டு தடவை படித்தார். கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று முகத்தில் தெரிந்தது. “சரி” என்று சொல்லிவிட்டு ஏரல் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.