கழற்றிய கம்பியில் மஞ்சள் விளக்கு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கொடைக்கானலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவள், ஆனாலும் செத்தவர் வந்து பேசினார் என்று யாராவது சொன்னால் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். என்னை நம்பாதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதிலும் கோட்டு போட்டுக்கொண்டு நம்பாதவர்களை.

எண்பதுகளின் தொடக்கம். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் எனக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை. எஸ்டேட்டுக்கென்று சொந்தமாகவே போன் லைன் உண்டு. பேக்டரி, ஸ்டோர், சரிவில் ஆங்காங்கே பங்களாக்கள், எல்லாவற்றுக்கும் கம்பி என் போர்டிலிருந்துதான் போகும். மழை பெய்தால் ஒரு லைன் சாகும், குரங்கு தொங்கினால் இன்னொன்று சாகும். அதையெல்லாம் சரிசெய்தவர் ராமையா, இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கம்பத்தில் ஏறியதும், லைன் சோதிக்க இடுப்பில் கட்டிக்கொண்டு போகிற கைபோனைக் கம்பியில் மாட்டி, "ஏறிட்டேன் தங்கச்சி" என்பார். அதற்குப் பிறகு அந்த லைனில் நான் மணி அடிக்கக் கூடாது, மணிக்குப் போகிற கரண்ட் ஆளை உதறித் தள்ளிவிடும். வேலை முடிந்ததும் "எறங்கலாமா?" என்று கேட்பார். நான் லைனைச் சோதித்துப் பார்த்து "எறங்குங்கண்ணே" என்று சொன்ன பிறகுதான் காலைக் கீழே வைப்பார். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, உயிருக்குப் பயந்து நாங்களே வைத்துக்கொண்டது.

அந்த வருஷம் லைன் பழுதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி வாங்கலாம் என்று மேனேஜருக்குத் தோன்றியது. மேனேஜரை அங்கே துரை என்பார்கள், நிறமெல்லாம் நம் நிறம்தான். இரண்டு கம்பெனிக்காரர்கள் சாமானைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒன்று சின்ன மீட்டர் பெட்டி. நாமே லைனில் சொருகி, யாராவது இருக்கிறார்களா என்று காதால் கேட்டுவிட்டு, முள்ளைப் பார்க்க வேண்டும். இன்னொன்று ஆட்டோமேட்டிக் பேனல். நாள் முழுக்க ஒவ்வொரு லைனாகத் தானே மணி கரண்டை விட்டுப் பார்க்கும். நல்ல லைனுக்குப் பச்சை விளக்கு, கெட்டதற்குச் சிவப்பு, யாராவது பேசிக்கொண்டிருந்தால் மஞ்சள் எரியும், முறை வரும்போது அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ராமையாவும் நானும் மீட்டர் பெட்டியே போதும் என்றோம். கம்பத்தில் ஆள் இருப்பது அந்தப் பேனலுக்குத் தெரியுமா என்று ராமையா கேட்டார். விற்க வந்தவர் சிரித்தார், துரையும் கூடச் சேர்ந்து சிரித்தார். பேனல்தான் வந்தது. பச்சை விளக்கு வரிசையாக எரிந்தால் மதுரையிலிருந்து வருகிற முதலாளிகளுக்குக் காட்ட நன்றாக இருக்குமே.

அதில் நிறுத்துகிற சாவி ஒன்று உண்டு. சோம்பேறித்தனத்துக்கு நாங்கள் நிறுத்திவைப்போம் என்று துரை அதைத் தன் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டார்.

ஒரு மத்தியானம், எதிரே ஆள் தெரியாதபடி நல்ல மஞ்சு இறங்கியிருந்தது, மேல் பங்களா லைனில் ராமையா ஏறிவிட்டு, வழக்கம்போல ஏறிட்டேன் என்றார். பேனலைப் பார்க்கிறேன், அந்த லைனுக்கு மஞ்சள் எரியவில்லை. அவருடைய கைபோன் அந்த மெஷினுக்கு ஒரு ஆளாகவே தெரியவில்லை போலிருக்கிறது. எறங்கிடுங்கண்ணே என்று போனில் கத்திவிட்டு, சாவிக்காகத் துரை அறைக்கு ஓடினேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். நான் திரும்பி வருவதற்குள் பேனல் அந்த லைனைத் தொட்டுவிட்டது. ராமையாவைப் பாறைமேலிருந்துதான் எடுத்தார்கள்.

போன உயிர் போனதுதான். ஆனால் அவர் மனைவி லெச்சுமியும் பிள்ளைகளும் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டில் இருப்பதா போவதா என்பது பாக்கி இருந்தது. விபத்து என்றால் வீடு அவர்களுக்கு, லெச்சுமிக்குக் காப்பிக்காட்டில் வேலையும் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் ஏறி அவராகவே விழுந்தார் என்றால் ஒன்றும் இல்லை. விசாரிக்க மதுரையிலிருந்து இரண்டு டைரக்டர்கள் வந்தார்கள். அவர் சொல்லிவிட்டுத்தான் ஏறினார் என்று நான் சொன்னேன். லைனில் ஆள் இருந்திருந்தால் மஞ்சள் எரிந்து பேனல் தானே விலகியிருக்கும் என்று துரை சொன்னார். சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று எல்லோரும் என் அறைக்கு வந்தார்கள்.

ஒன்றை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்துக்கு மறுநாளே மேல் பங்களா லைன் கம்பியைக் கழற்றிவிட்டார்கள். அது சுருட்டிக் கட்டி ஸ்டோரில் கிடந்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். துரை சாவியைத் திருப்பினார், பேனல் டக் டக் என்று ஒவ்வொரு லைனாகப் போனது, பச்சை, பச்சை, மேல் பங்களா வந்தது, சிவப்பு எரிந்திருக்க வேண்டும். மஞ்சள் எரிந்தது.

துரை ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். அவர் முகம் போன போக்கை நான் மட்டும்தான் பார்த்தேன், டைரக்டர்கள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கீழே வைத்ததும் நான் பிடுங்கிக் கேட்டேன். காற்று. கம்பத்தின் உச்சியில் அடிக்குமே, அந்தக் காற்று. அப்புறம் அவர் குரல், அவசரமே இல்லாமல், எப்போதும் கேட்கிற மாதிரி.

"தங்கச்சி, எறங்கலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் துரை சாவியைத் திருப்பிவிட்டார். விளக்கு அணைந்தது, குரலும் போனது.

பெரிய டைரக்டருக்குப் பரம திருப்தி. "பாத்தீங்களாம்மா, யாரோ லைன்ல இருக்காங்க, மெஷின் மணி அடிக்கல. அப்ப அன்னைக்கும் அடிச்சிருக்காது" என்றார். அந்த லைனுக்குக் கம்பியே இல்லைங்க, ஸ்டோரில் கிடக்குது என்று நான் கத்தினேன். ஈரத்தில் எங்கேயோ தொட்டிருக்கும் என்றார் துரை, நாக்கு கூசாமல். தன் காதால் கேட்டுவிட்டுச் சொன்னார் அந்த மனுஷன். ராமையா வந்து நின்றதையே அவருக்கு எதிரான சாட்சியாக ஆக்கிவிட்டார்கள். பிறகு கோழிக்குழம்பு சாப்பிடப் போனார்கள்.

வீடு போனது. சட்டி பானையை ஜீப்பில் ஏற்றி வத்தலக்குண்டுக்குப் புறப்படுகிற அன்று காலையில், வெள்ளனே, லெச்சுமி என் ஜன்னலுக்கு வந்து நின்றாள். போனில் கேட்டதை நான் ஒருத்தரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அவர எறங்கச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

சொல்லிட்டேன் என்றேன். என் முகத்தையே பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

லைன்மேன் பெண்டாட்டிக்கு அந்த வழக்கம் தெரியாதா, துக்கத்தில் ஏதோ கேட்டிருப்பாள் என்பீர்கள். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஜீப் மேல் பங்களாத் திருப்பத்தில் நின்றது, ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிந்தது. கம்பி இல்லாத அந்தக் கம்பத்தின் உச்சியைப் பார்த்து அவள் ஏதோ சொன்னாள். இண்டு இடுக்கில்லாமல் சாமான் அடைத்திருந்த வண்டியில், பெரிய பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே காத்திருந்தாள். பிறகுதான் டிரைவரைப் பார்த்து, போகலாம் என்று தலையசைத்தாள்.