தம்பிக்காக வாங்கப் போன பால்சுறா

“...அப்ப விதைநெல்ல அவிச்சுத் திம்பீங்களாக்கா நீங்க?”

மீன்காரம்மா என் பெரியம்மாவைப் பார்த்துக் கேட்ட கேள்வியின் கடைசித் துண்டு இது. முதல் துண்டை அலைச்சத்தம் வாங்கிக்கொண்டது. பூம்புகார்க் கரையில், ஒரு ஃபைபர் படகின் நிழலில் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் கத்தி, எதிரே மணலில் வயிறு திறந்தபடி ஒரு பால்சுறா. பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவர் யார் முன்னாலும் தலை குனிந்தது நான் பார்த்த வரையில் அந்த ஒரு தடவைதான். எட்டு வயதில் அதுவே எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாங்கள் அங்கே போனது தம்பிக்காக. அவன் பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எடை ஏறவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஒரு முறை நிறுத்துவிட்டு, தராசில்தான் ஏதோ கோளாறு என்பதுபோல் இன்னொரு முறை நிறுத்தார். அம்மாவுக்குப் பால் போதவில்லை. பிள்ளைப்பேறு பார்க்கத் திருப்பனந்தாளிலிருந்து வந்திருந்த பெரியம்மாவுக்கு இதற்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். பால்சுறாவை அவித்து, தோலை உரித்து, சதையை உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டுக் கிளறிய புட்டு. அதனால் பால் ஊறுமா என்று யாராவது இன்று கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். எங்கள் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டில் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

பூண்டு உரிப்பது என் வேலை. மீன்காரம்மா காலை பஸ்ஸில் வந்து இறங்கி, வாசலில் அலுமினிய அன்னக்கூடையை இறக்கும்போது உரித்த பூண்டு கிண்ணத்தில் தயாராக இருக்கும். கூடையில் சுறா இருக்காது. பூண்டு ரசத்துக்குப் போகும். கிட்டத்தட்ட இரண்டு வாரம் எங்கள் வீட்டில் பூண்டு ரசம் மணந்துகொண்டே இருந்தது.

கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சுறாவுக்கு வழியில்லையா என்று பெரியம்மா தினமும் கேட்பார். மீன்காரம்மாவும் லேசில் விடுகிற ஆள் இல்லை.

“கடலு என்ன எங்க வீட்டுக் கொல்லையாக்கா, போயிப் பறிச்சிக்கிட்டு வர?”

பிறகு மீனைக் கூறு வைத்துக்கொண்டே காரணங்களைச் சொல்வார். முன்பெல்லாம் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே நெத்திலியும் காரப்பொடி மீனும் கூட்டம் கூட்டமாக வருமாம். அதைத் தின்னச் சுறா வருமாம். இப்போது மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் முடியாததுமாகப் பெரிய படகுகள் பொடிக்கண் வலையை விட்டுக் குஞ்சு குளுவான் வரைக்கும் அரித்துவிடுகின்றன. அதெல்லாம் காய்ந்து, கோழித் தீவனத்துக்கென்று லாரி ஏறிவிடுகிறது. தப்பித்த மீனும் கரையோரம் நிற்பதில்லை. தண்ணீரில் கைவைத்தால் உலைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது, மீன் குளிர்ச்சி தேடி ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது என்பார். அவர் வீட்டுக்காரர் வலையில் அந்த வருஷம் அதிகம் ஏறியது சொறி என்கிற ஜெல்லிமீன்தான். கண்ணாடிப் பை மாதிரி வழவழவென்று இருக்கும், தொட்டால் எரியும். அதை உதறி உதறியே அவருக்கு முழங்கை வரைக்கும் தடிப்பு.

அப்பாவுக்கு இந்தப் பேச்சில் இஷ்டம் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் வருமா வராதா என்று குறுவைக்குக் காத்திருந்த நாள் அது. போன மழையில் அத்தனை தண்ணீரும் வீணாகக் கடலுக்குத்தானே போனது என்று ஒரு நாள் அலுத்துக்கொண்டார். மீன்காரம்மா நிமிர்ந்தார்.

“அந்த வீணாப்போன தண்ணியிலதாங்க எங்க இறாலு குஞ்சு பொழைக்குது.”

அப்பா அதற்குப் பிறகு மீன் வாங்கும் நேரத்தில் வயலுக்குப் போய்விடுவார்.

சுறா இல்லாவிட்டால் கோழி என்று பெரியம்மா ஒரு நாள் பிராய்லர் வாங்கிக் குழம்பு வைத்தார். அதில் மீன் வாடை அடித்தது. அம்மா ஒரு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டார். மறுநாள் பெரியம்மா அந்தக் கோழிப் பழியையும் மீன்காரம்மா தலையில்தான் போட்டார். மீன்காரம்மா சிரிக்கவே இல்லை.

“சுறா திங்க வேண்டியதக் கோழி தின்னுருக்கு. கோழிய நீங்க தின்னுருக்கீங்க. ஒரு வகையில நான் மீன் குடுத்தாச்சுக்கா.”

அந்த வார வெள்ளிக்கிழமை நர்ஸம்மா அட்டையில் போன தடவை எழுதிய எடையையே மறுபடி எழுதினார். பெரியம்மா அன்றே மீன்காரம்மாவுக்குப் போன் போட்டு, இனி நானே வந்து கரையில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். கடல் பார்க்கலாம் என்று நானும் தொற்றிக்கொண்டேன்.

படகு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வலை நிறையச் சொறி. அதற்கு நடுவில் ஒரே ஒரு சுறா, என் இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, இன்னும் வாலை அடித்துக்கொண்டு. பெரியம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குனிந்து அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து, என்ன ஊட்டம் பாருடி என்றார். தெருமுனையில் போகிற பசுவைப் பார்த்தே எத்தனை மாதச் சினை என்று சொல்கிறவர் அவர். மீன் என்றால் முட்டை என்பதுதான் அவருக்குத் தெரியும். குட்டி போடுகிற மீன் இருப்பது தெரியாது.

மீன்காரம்மா வயிற்றைக் கீறியதும் உள்ளிருந்து நான்கு குட்டிகள் வழுக்கி வந்தன. ஒவ்வொன்றும் ஒன்றரைச் சாண் இருக்கும். அப்படியே தாயின் அச்சு. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு கொடி. தம்பிக்குத் தொப்புள்கொடி விழுந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதனால் எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. ஒரு குட்டி மெதுவாக வாலை அசைத்தது.

பெரியம்மா ஓரடி பின்னால் நகர்ந்தார். பிறகு தங்கச்சியும் தராசும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“அதையும் சேத்துப் போடும்மா. இளசா இருக்கும். பச்ச ஒடம்புக்காரிக்கு நல்லது.”

அதற்குத்தான் அந்த விதைநெல் கேள்வி.

எங்கள் வீட்டில் விதைநெல் மூட்டை தனி அறையில், தனிக் கயிறு கட்டி இருக்கும். ஒரு வருஷம் குறுவையும் போய்ச் சம்பாவும் போய் ரேஷன் அரிசியிலேயே ஓட்டியபோதும் அந்தக் கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை. இதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததே பெரியம்மாதான். மீன்காரம்மாவிடமும் சொல்லியிருப்பார்.

தாய்ச்சுறாவை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்றைக்குப் பூண்டு ரசத்துக்குப் போகவில்லை. அம்மா மூன்று வேளை சாப்பிட்டார். இரண்டு வாரம் கழித்துத் தம்பிக்கு எடை ஏறியது. புட்டாலா, நர்ஸம்மா பால் கொடுக்கும் விதத்தை மாற்றிக் காட்டியதாலா என்று இன்றுவரை வீட்டில் இரண்டு கட்சி. அவன் இப்போது என்னைவிட ஒரு அடி உயரம். எந்தக் கட்சியிலும் சேராமல் இரண்டு பக்கமும் சாப்பிடுகிறான். பெரியம்மா மட்டும் அதற்குப் பிறகு யார் வீட்டுப் பிள்ளைப்பேற்றிலும் சுறா என்ற வார்த்தையை எடுத்ததாக நான் கேட்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. அந்தக் காலையில் எனக்கு எதுவும் விளங்கவில்லை. நெல்லுக்கும் சுறாவுக்கும் என்ன சம்பந்தம், பெரியம்மா ஏன் தன் காலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், எதுவும்.

மீன்காரம்மா கொடிகளை அறுத்தார். நான்கு குட்டிகளையும் முந்தானையில் வாங்கிக்கொண்டு முழங்கால் தண்ணீர் வரை போய் ஒவ்வொன்றாக விட்டார். மூன்று போய்விட்டன, அல்லது கண்ணுக்குத் தெரியாமல் போயின. நாலாவதை அலை புரட்டிக்கொண்டு வந்து என் காலடியில் போட்டது. அவர் வந்து எடுத்துக்கொண்டு போய் மறுபடி விட்டார். அலை மறுபடி கொண்டுவந்தது. கடலும் அவரும் ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து நான் கைதட்டிச் சிரித்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. புடவையை இன்னும் மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, குட்டியை இரண்டு கையாலும் தண்ணீருக்குள்ளேயே பிடித்தபடி, இந்த முறை மார்பளவு ஆழத்துக்கு நடந்தார்.