குர்லா பிளாட்பாரத்தில் கூப்பிட்ட பெயர்

யுத்தம் முடிந்த மறு வருஷம் நடந்தது இது. பம்பாய் மாட்டுங்காவில் ஒரே அறையும் சமையலறையுமாக எங்கள் குடித்தனம். அதில் அப்பா, அம்மா, நான், கல்யாணமாகி ஊரிலிருந்து வந்து இரண்டே மாதம் ஆகியிருந்த என் மனைவி. ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் எனக்குக் குமாஸ்தா வேலை. வயது இருபத்து மூன்று. மீசை இருந்தது, ஆண்பிள்ளைக்கு அது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டு வழக்கப்படி ஆண்பிள்ளை தெருவில் மனைவிக்குப் பத்தடி முன்னால் நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதா, சிவ சிவா! "இந்தா" என்றால் வருவாள். அவளும் என் பெயரைச் சொல்லமாட்டாள். சேர்ந்து நடந்தால் ஆபீஸில் 'பொண்டாட்டிதாசன்' என்று ஓட்டியே தீர்த்துவிடுவார்கள். அவளோடு நாலு வார்த்தை பேச உள்ளுக்குள் நான் ஏங்கிச் செத்தது வேறு விஷயம். ஒரே அறையில் நாலு பேர், எங்கே பேசுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்கோபரில் இருந்த அத்தை எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். மாட்டுங்கா ஸ்டேஷனில் பெண்கள் பெட்டியைக் காட்டி, "மூணாவது ஸ்டேஷன்ல இறங்கிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன். காட்கோபரில் இறங்கி விறுவிறுவென்று நடந்தேன். பின்னால் மெட்டிச் சத்தம் கேட்பதாகவே நினைப்பு.

வாசலில் அத்தை கேட்டாள். "அவ எங்கேடா?"

"பின்னாலதான் வரா" என்று திரும்பினேன். தெருவில் ஒரு எருமை மாடுதான் நின்றுகொண்டிருந்தது.

"அடப்பாவி! ஊருக்குப் புதுசு, பாஷையும் தெரியாது. நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?"

ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கே அவள் இல்லை. ஏறின மாட்டுங்காவையே ஒன்று என்று எண்ணியிருந்தால் மூன்றாவது குர்லா ஆயிற்றே என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த வண்டியில் திரும்பினேன்.

குர்லாவில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்து நின்று, பிளாட்பாரம் முழுக்க ஒரே தலையாக இருந்தது. "இந்தா!" என்றேன். யாரும் திரும்பவில்லை. இன்னும் சத்தமாக, "இந்தா!" என்றேன். ஒரு போர்ட்டர் ஓடி வந்து, "சாமான் கஹான் ஹை, சாப்?" என்று என் மூட்டையைத் தேடினான்.

இந்த இரண்டு மாதத்தில் அவள் பெயரை என் வாய் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அந்த நேரத்திலும் சுற்றுமுற்றும் பார்த்தேன், வெட்கங்கெட்டவன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை கிழிய அவள் பெயரைக் கத்தினேன், மூன்று தடவை.

ஒரு மராத்தி மீன்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள். பின்னாலேயே வந்த டிக்கெட் கலெக்டர் ஹிந்தியில் என்னைப் பிடித்துக் காய்ச்சினார். அரை மணி நேரமாகச் சைகையிலும் அரைகுறைத் தமிழிலும் புருஷன் பெயரைக் கேட்டும் இவள் வாயையே திறக்கவில்லையாம்.

அத்தனை பேர் நடுவில் நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"என் பேர் உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

அன்று காட்கோபர் தெருவில் இருவரும் சேர்ந்தே நடந்தோம். சாயங்காலம் மாட்டுங்காவில் இறங்கியதும் நான் பழையபடி பத்தடி முன்னால்.

சில நாள் கழித்து, அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தபோது அவள் சமையலறையிலிருந்து மெதுவாகக் கேட்டாள். "அன்னிக்குக் கூப்பிட்டேளே, அதே மாதிரி இன்னொரு தடவை கூப்பிடுங்கோளேன்."

எனக்கும் ஆசைதான். ஆனால், "அசடு மாதிரிப் பேசாதே" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டேன். அவள் அப்புறம் கேட்கவே இல்லை. முப்பத்தெட்டு வருஷம் "இந்தா" என்றே குடும்பம் நடத்தினேன். அவள் போய்ச் சேர்ந்து இப்போது நாலு வருஷம் ஆகிறது.

அந்தப் பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை, அது வாயால் சொல்ல வேண்டியது. வீட்டில் யாரும் இல்லாத வேளையில் சமையலறைப் பக்கம் பார்த்து ஒரு தடவை கூப்பிடுகிறேன்; ஆயுசு முழுக்க நான் ஆண்பிள்ளையாக இருந்தது குர்லாவில் கத்திய அந்த மூன்று தடவைதான் என்று தோன்றுகிறது.