சிவப்பு நூல் கட்டிய காடைகள்

பறவைக்காரிக்கு யாரையும் பிடிக்காது. அவளையும் யாருக்கும் பிடிக்காது. அந்த விஷயத்தில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை.

பதினோரு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை: காற்றாலைகளின் அடியில் செத்து விழும் பறவைகளையும் வௌவால்களையும் தேடி எடுத்து எழுதிவைப்பது. ஒரு காற்றாலையடியில் மாதத்துக்குப் பத்தைத் தாண்டினால், வலசைக் காலம் முடியும்வரை அதை நிறுத்திவைக்க வேண்டும். மெக்கானிக்குகள் அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களில் ஒருவன் அவளுடைய சொந்தத் தம்பி. ஏழாம் நம்பர் அவன் பொறுப்பு. அது நின்றால் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"காத்து நல்லா அடிக்கிறப்பதான் நிறுத்தணுமாக்கா? அப்புறம் கரண்டுக்கு நிலக்கரியத்தான் எரிப்பாங்க. அந்தப் புகையில பறவை சாகாதா?"

"அதுக்காக இது சாகலாமா? போடா."

இந்த மாதம் ஏழாம் நம்பரடியில் ஒரு இறகுகூடக் கிடைக்கவில்லை. நரி தூக்கிப் போயிருக்கும் என்றான் தம்பி.

அப்போதுதான் பரிசோதனை வந்தது. தேடுகிறவர்களின் கண்ணைச் சோதிக்க, மேலதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் செத்த பண்ணைக் காடைகளைப் போட்டுவிட்டுப் போவார். காலில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். விடியலில் ஏழாம் நம்பரடியில் எட்டு போட்டார். இரண்டு மணி நேரம் கழித்துத் தேடிப் போனவள் கொண்டுவந்தது ஒன்றுமில்லை.

"எட்டு போட்டேன், ஒண்ணுகூடக் கிடைக்கல. உங்களுக்குக் கண்ணு போயிடுச்சும்மா. திங்கக்கிழமையிலேருந்து வர வேண்டாம்."

தம்பி பக்கத்தில்தான் நின்றான். வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இரண்டு மணி நேரத்தில் எட்டையும் விழுங்க எந்த நரிக்கு வயிறு இருக்கிறது? நேராக டூல் அறைக்குப் போனாள். அங்கிருந்த மூன்று பேருக்கும் திடீரென்று வெளியே வேலை வந்துவிட்டது. தம்பியின் பெட்டியைத் திறந்தாள். ஒரு சாக்கு. பண்ணைக் காடைக்கும் பருந்துக்கும் வித்தியாசம் தெரியாத தடியன், நூலோடு சேர்த்து அள்ளியிருந்தான். அவனும் பின்னாலேயே ஓடிவந்தான்.

"அக்கா, வெளிய சொல்லிடாத. புள்ளைங்களோட நடுத்தெருவுல நிப்பேன்."

"என்னைக் குருடின்னாங்களே, அப்ப எங்கடா போச்சு இந்த வாய்?"

சாக்கை மேலதிகாரியின் மேஜைமேல் கவிழ்த்தாள். எட்டுக் காடைகள். அவற்றோடு நான்கு பருந்துகள், ஒன்பது வௌவால்கள்.

பிறகு உட்கார்ந்து படிவத்தை எடுத்தாள். பதின்மூன்று என்று எழுதினாள். 'கண்டெடுத்த இடம்' என்ற கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் எழுதினாள்: என் தம்பியின் டூல் பெட்டி.