வானிலைக்கு வந்த மனுக்கள்

இன்று திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன். பக்கத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடும் விவசாயி ஒருவரும் அவர் மகள் பிலோமினாவும்.

உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உலகத்தில் என்னென்ன வேலைகள் உண்டு என்று காட்ட, சென்னையில் பல்கலைக்கழகம் ஒன்று கோடை வகுப்பு நடத்துகிறது. அதை முடித்துத் திரும்புகிறாள்.

"டீச்சருக்குத்தானம்மா படிக்கப்போற?" என்றார் அப்பா.

"இல்லப்பா. மழை எப்ப வரும்னு ரேடியோவுல சொல்றாங்க இல்ல, அதக் கணக்குப் போடற வேலை. காலேஜுல சேரணும்."

மயிலம் தாண்டும்வரை அவர் வெளியே வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பெண் ஜன்னல் கம்பியை விடவில்லை.

"சரி, சேரு," என்றார் கடைசியில். "ஆனா நாம மல்லாட்டை காயவச்சிக்கினு இருக்கறப்ப மழைன்னு எழுதிடாத."

"நான் எழுதினாலாப்பா மழை வருது?"

"கெவர்மெண்டு ஆபீசுல ஒருதரம் எழுதிட்டா அப்பறம் மாத்த மாட்டாங்கம்மா."

பின்னாலிருந்து ஓர் அம்மாள் எழுந்தே விட்டார். "அதெப்படி? எங்க வளவனூர் கரும்புக்குத் தண்ணி வாணாமா? பாப்பா, நீ நல்லா மழைன்னே எழுது!"

"எம்பொண்ணு எனக்குத்தான் எழுதும். அதுக்குத்தான் காலேஜுல சேக்கறேன்," என்றார் அப்பா, பஸ் முழுக்கக் கேட்கும்படி.

இனி அவர் பின்வாங்க முடியாது. பிலோமினா முதல்முறையாகச் சிரித்தாள்.

அவர்கள் இறங்கும்போது கண்டக்டர் அவளிடம் தன் தங்கை கல்யாணத்துக்கு ஒரு நாள் வெயில் கேட்டார்.

அவள் இன்னும் எஸ்.எஸ்.எல்.சி.யே எழுதவில்லை. உங்களுக்கும் ஏதாவது வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவைப்பது நல்லது. கரும்புக்காரர்கள் முந்திக்கொண்டார்கள்.