கோச் எந்தப் பக்கம் நின்றார்?

பென்ஹாலோ போர்டிங் ஸ்கூலின் ஹாக்கி கோச், கோல்கீப்பர் நோயெலைத் தன் அணிக்கு எடுப்பதென்று முடிவு செய்துவிட்டார் என்ற வதந்தி, ஜனவரி இரண்டாம் சனிக்கிழமையன்று ஐஸ் அரங்கத்தின் தின்பண்டக் கடைக்கும் பெண்கள் கழிவறைக்கும் நடுவே பிறந்தது. அத்தாட்சி ஒன்றே ஒன்றுதான். ஆட்டத்தின் மூன்று கட்டங்களிலும் நோயெல் எந்தக் கோல் வலைக்கு முன்னால் நின்றாளோ, அதற்குப் பின்னால் இருந்த இருக்கையில்தான் கோச் விட்லாக் உட்கார்ந்திருந்தார். அணிகள் பக்கம் மாறியதும் அவரும் எழுந்து, கோக்கோ கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு, பெண்ணோடு பக்கம் மாறினாராம்.

பெண்ணின் அம்மா க்ளாடெட் திபோடோ இதைக் கண்ணால் பார்க்கவில்லை. கோல்கீப்பர்களைப் பெற்றவர்கள் ஆட்டம் பார்ப்பதில்லை; பார்த்தால் நெஞ்சு தாங்காது. க்ளாடெட் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சிப்ஸ் இயந்திரத்தின் முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். எந்த வரிசையில் எந்த மிட்டாய் என்பது அவளுக்கு மனப்பாடம்.

அவளுக்குச் சேதியைக் கொண்டுவந்து கொடுத்தவள் சிவப்புத் தொப்பி போட்ட ட்ரிஷ் மேக்கினன். அதே அணியின் இன்னொரு கோல்கீப்பர் ப்ரின்னுக்கு அம்மா. ஒரு வாரம் இவள் பெண், மறுவாரம் அவள் பெண் என்று முறை வைத்து ஆடுவார்கள். அன்று ப்ரின் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததால் ட்ரிஷுக்குக் கண்கள் ஓய்வாக இருந்தன.

"அடியே, சிப்ஸைப் பாத்துக்கிட்டு நிக்கிறியே! அந்த மனுஷன் உன் பொண்ணு பின்னாடியே அலையறாருடீ. மூணு கட்டமும்! பென்ஹாலோ உன் பைல இருக்கு. அந்த ஹாலிஸ் ஹில்காரி கூப்பிட்டான்னு சொன்னியே, அவளையா போய்க் கட்டிக்கிட்டு அழப்போற?"

ஹாலிஸ் ஹில் என்பது மலைச்சரிவில் உள்ள இன்னொரு போர்டிங் ஸ்கூல். ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடித்து நாளாகிவிட்டது. அதன் கோச் ஜோன் ப்ரூயிட் வியாழக்கிழமைதான் க்ளாடெட்டைத் தொலைபேசியில் அழைத்திருந்தாள்.

"எனக்கு ஒரு கோல்கீப்பர் வேணும். ஒருத்திதான். உங்க பொண்ணுன்னு முடிவு பண்ணிட்டேன். சேர்க்கைக் குழுகிட்டயும் உதவித்தொகைக்காரங்ககிட்டயும் பேசியாச்சு. நாங்கதான் உங்க முதல் விருப்பம்னு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா லிஸ்ட்ல அடுத்த பொண்ணைக் கூப்பிடுவேன்."

இப்படி யாராவது பேசுவார்களா? நாற்பத்துமூன்று வயதில் க்ளாடெட்டுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தது: கோச்சுகள் நேராகப் பேசமாட்டார்கள். பெற்றவர்களும் நேராகக் கேட்கமாட்டார்கள். கேட்டால் நாகரிகம் தெரியாதவர்கள் என்று பெயர் வரும். ஆகவே எல்லோரும் குறி பார்க்கிறார்கள். மின்னஞ்சலில் எத்தனை ஆச்சரியக்குறி, பெண்ணின் பெயரைச் சுருக்கி எழுதினாரா முழுசாக எழுதினாரா, கைகுலுக்கும்போது அப்பாவை முதலில் குலுக்கினாரா அம்மாவையா. நேராகப் பேசுகிற கோச் என்றால், கடையில் சரக்கு போணியாகாமல் தெருவுக்கு வந்து கூவுகிறவள் என்றுதான் அரங்கத்தில் அர்த்தம். க்ளாடெட்டும் அப்படியே நினைத்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவளுடைய தொழிலே பொய்யைப் பிடிப்பதுதான். பல் மருத்துவரிடம் வேலை பார்த்து, இருபது வருடமாகப் பிறர் பல்லைச் சுத்தம் செய்கிறாள். தினமும் பல்லிடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்கிறேன் என்று சத்தியம் செய்கிறவரின் ஈறு, அவர் முடிப்பதற்குள் உண்மையைச் சொல்லிவிடும். வாயைத் திறந்தால் ஆளைப் படிப்பாள். விட்லாக்கின் வாய் மட்டும் அவளுக்குப் புரியவில்லை, ஏனென்றால் அது எப்போதும் சிரித்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவள் விட்லாக்குக்கு எழுதினாள், கேட்காமல் கேட்பதுபோல. பதில் உடனே வந்தது: "நோயெலை நினைத்தாலே எங்களுக்கு உற்சாகம்! உங்கள் தேடல் எப்படிப் போகிறதென்று தொடர்ந்து தெரியப்படுத்துங்கள்!!"

புதன்கிழமைப் பயிற்சியின்போது நான்கு அம்மாக்கள் அந்த இரண்டு வரியை மேஜையில் வைத்துப் போஸ்ட்மார்ட்டம் செய்தார்கள். மொத்தம் மூன்று ஆச்சரியக்குறி. ஒருத்தி, ரெண்டாவது வரியில் இரண்டு குறி இருப்பது சாதாரண விஷயமில்லை என்றாள். இன்னொருத்தி 'எங்களுக்கு' என்ற சொல்லில் சேர்க்கைக் குழுவே அடங்கியிருக்கிறது என்றாள். ட்ரிஷ் க்ளாடெட்டின் தோளை அமுக்கினாள். "அந்த ப்ரூயிட்டுக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிடுடீ. பாவம், அவளும் வேற ஆளைப் பாக்கணும்ல?"

அந்தப் 'பாவம்' க்ளாடெட்டின் காதில் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் ஆசை பெரியது.

அன்று காரில் வரும்போது நோயெல், கோல்கீப்பர் பையின் ஈர நாற்றத்துக்கு நடுவே சொன்னாள்: "மா, ப்ரூயிட் மட்டும்தான் என்னைக் கேட்டாங்க, கோல் விழுந்தப்புறம் மனசுல என்ன ஓடுச்சுன்னு."

"பென்ஹாலோக்காரர் என்ன கேட்டாரு?"

"என் உயரம்."

க்ளாடெட் வைப்பரை வேகமாக்கினாள்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பயிற்சி. கடைசியில், வதந்தியைத் தானே சரிபார்த்துவிடுவது என்று இறங்கினாள். ஆட்டத்தை உண்மையாகப் பார்க்கிறவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான்: ஐஸை வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டும் ஆர்மண்ட் பூலே. வண்டிக் கொட்டகையில் டயர்மீது உட்கார்ந்து, வாயின் இடப்பக்கத்தால் மட்டும் சாண்ட்விச் மென்றுகொண்டிருந்தார்.

"ஆர்மண்ட், போன சனிக்கிழமை அந்த நீலக் கோட்டு கோச் எங்க உக்காந்திருந்தாரு, ஞாபகம் இருக்கா?"

"ஹீட்டருக்குக் கீழ."

"இல்ல, எந்தப் பக்கம்?"

"அதான் சொல்றேனேம்மா, ஹீட்டருக்குக் கீழ. ரெண்டு பக்கமும் சேத்துப் போட்டா ஃப்யூஸ் போயிடும். அதனால முதல் கட்டத்துல நம்ம புள்ளைங்க பக்கம். அவங்க மாறும்போது அந்தப் பக்கம் போடுவேன். அப்புறம் மறுபடி இந்தப் பக்கம். அந்த ஆளு பூனை மாதிரி கூடவே வருவாரு. இந்த சீசன்ல எங்கிட்ட அவரு கேட்டது ஒரே கேள்வி. 'அடுத்தது எந்தப் பக்கம் போடுவீங்க?'"

க்ளாடெட் கொட்டகை வாசல் வழியே இருக்கைகளுக்கு மேலிருந்த ஹீட்டரை எட்டிப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டாவது ஆள்" என்றார் ஆர்மண்ட். "அதுக்கு முந்தின வாரமே அந்தச் சிவப்புத் தொப்பி அம்மா வந்து இதையேதான் கேட்டுச்சு. அவங்க பொண்ணு ஆடின அன்னிக்கும் அவரு இப்படித்தான் மாறி மாறி உக்காந்தாரு. சொன்னதும் மூஞ்சி சுண்டிப்போச்சு, பாவம்."

சிவப்புத் தொப்பி ட்ரிஷ். அப்படியானால் அவளுக்குத் தெரியும். ஹீட்டர் என்று தெரிந்துதான், மறுவாரமே மூச்சிரைக்க ஓடிவந்து வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள். ஹாலிஸ் ஹில் பட்டியலில் 'அடுத்த பொண்ணு' ப்ரின்தான் என்பது இப்போது விளங்கியது. க்ளாடெட் எத்தனையோ சீழ் பார்த்தவள். இப்படி ஒரு நாற்றத்தை அவள் முகர்ந்ததில்லை. அதைவிடக் கேவலமாக இருந்தது தன்னை நினைத்துப் பார்த்தது. சூடு தேடிப்போன ஒரு மனிதனின் பிருஷ்டத்தை வைத்துத் தன் மகளின் நாலு வருடப் பள்ளிப் படிப்பைக் கணித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மணி என்ன?"

"நாலு நாப்பது. ஏம்மா, வெளுத்துப்போயிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. இதுக்கு நான் உங்களுக்கு என்ன செய்யறது?" என்று கேட்டவள், அவர் மெல்லுவதைப் பார்த்தாள். "வலப்பக்கம் வலிக்குதா?"

"பதினொரு வருஷமா டாக்டர்கிட்ட போகல."

"வாங்க. நானே சுத்தம் பண்ணிவிடறேன். இது என் கடன்."

கார் நிறுத்துமிடத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. க்ளாடெட் போன் போட, இரண்டாவது முறை மணி அடித்ததுமே ப்ரூயிட் எடுத்தாள்.

"நீங்கதான் எங்க முதல் விருப்பம்" என்றாள் க்ளாடெட்.

"சரி. விண்ணப்பத்தை முழுசா முடிச்சு அனுப்புங்க. மார்ச் பத்தாம் தேதி கடிதம் வரும். நோயெலை இடது முட்டிக்குப் பயிற்சி பண்ணச் சொல்லுங்க." வைத்துவிட்டாள். அந்தப் பேச்சில் ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை.

உள்ளே திரும்பியபோது ட்ரிஷ் சிப்ஸ் இயந்திரத்தருகே காத்திருந்தாள்.

"என்னடீ, ஹாலிஸ் ஹில்காரிக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

ட்ரிஷின் முகம் மலர்ந்தது. "நல்ல காரியம் பண்ண!"

"வர்றோம்னு சொல்லிட்டேன்" என்றாள் க்ளாடெட். "ஏன் ட்ரிஷ், இன்னிக்கு ஹீட்டர் எந்தப் பக்கம்?"

ட்ரிஷ் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணாடிக்குள்ளிருந்த மிட்டாய்களைப் படிக்க ஆரம்பித்தாள். ஐஸில் இரண்டு பெண்களும் ஒரே வலைக்கு முன்னால் முட்டிபோட்டு, எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் பத்தாம் தேதி ஹாலிஸ் ஹில்லிலிருந்து கடிதம் வந்தது: இடம் உண்டு, உதவித்தொகையும் உண்டு. பென்ஹாலோவிலிருந்தும் அன்றே ஒன்று வந்தது: இடமில்லை, ஆனாலும் மிகுந்த உற்சாகம்! கோச் விட்லாக் அந்த சீசனில் ஏழு கோல்கீப்பர்களின் வீடுகளுக்கு உற்சாகத்தை எழுதி அனுப்பியிருந்தாரென்று பிறகு எண்ணிச் சொன்னார்கள். எடுத்தது எட்டாவதாக ஒருத்தியை.

ஆர்மண்டுக்கு எழுதிக்கொடுத்த அப்பாயின்ட்மென்ட் அட்டை, ஐஸ் வண்டியின் ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருக்கிறது. இதுவரை தேதி நான்கு முறை அடித்துத் திருத்தப்பட்டுவிட்டது. க்ளாடெட் கொட்டகைப் பக்கம் வரும்போதெல்லாம் அவர் வாயை இறுக மூடிக்கொண்டு, அடுத்த வாரம் என்று கையால் ஜாடை காட்டுகிறார்.