ஃபிரேம் போட்ட சட்டைப் பாக்கெட்

போன வாரம் ஒரு கல்லூரி முதல்வரின் அறையில், சுவரில் சட்டைப் பாக்கெட் ஒன்று தொங்குவதைப் பார்த்தேன். சட்டை இல்லை. பாக்கெட் மட்டும். வெள்ளைத் துணியில் தைத்து, கண்ணாடி ஃபிரேம் போட்டு, ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள்.

கிட்டே போய்ப் பார்த்தேன். பாக்கெட்டின் ஓரத்தில், பளிச்சென்று ரோஸ் நிறத்தில் விரல் அடையாளங்கள். ஒன்று, இரண்டு... மூன்று.

பொதுவாக முதல்வர் அறையில் என்ன இருக்கும்? கோப்பைகள் இருக்கும். யாராவது பெரிய மனிதருக்கு முதல்வர் பொன்னாடை போர்த்தும் போட்டோ இருக்கும். முதல்வரே பொன்னாடை வாங்கிக்கொள்ளும் போட்டோ அதைவிடப் பெரிதாக இருக்கும். கறை படிந்த பாக்கெட்டை மாட்டிவைத்த முதல்வரை இப்போதுதான் பார்க்கிறேன்.

நான் அங்கே போனது ஆண்டு விழாவுக்கு — சிறப்பு விருந்தினராக! அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போனால் திருச்சுழிக்குக் கொஞ்சம் முன்னால் இறங்க வேண்டும். பழைய பஞ்சு குடோன் ஒன்றைப் பிடித்து, தகரக் கூரையை மட்டும் மாற்றிவிட்டு, ‘சமுதாயக் கல்லூரி’ என்று போர்டு வைத்திருக்கிறார்கள். கல்லூரி என்றதும் பெரிய கேட், பூந்தோட்டம் என்றெல்லாம் கற்பனை செய்யாதீர்கள். பத்தாவதில் கோட்டை விட்டவர்கள், கல்யாணம் ஆகிப் படிப்பை மூட்டை கட்டியவர்கள் — இவர்களுக்கு ஒரு தொழிலைச் சொல்லிக்கொடுத்து சர்டிபிகேட் தருகிற இடம். வயது வரம்பு கிடையாது. கையில் டிபன் பாக்ஸும் இடுப்பில் பிள்ளையுமாக மாணவிகள் வந்து இறங்குகிறார்கள்.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆண்டு விழா என்றாலே அலர்ஜி. அதிலும் ஆண்டறிக்கை என்று ஒன்று வாசிப்பார்களே... அதில் எல்லாமே ‘சிறப்பாக நடைபெற்றது’ என்றுதான் இருக்கும். மரம் நட்டதும் சிறப்பு. நட்ட மரம் பட்டுப்போய், மறுபடி நட்டதும் சிறப்பு! ஆனாலும் யாராவது சிறப்பு விருந்தினர் என்று கூப்பிட்டால் முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவேன். மைக் மீது உள்ள ஆசை யாரை விட்டது? இந்த முறை எட்டுப் பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நடுவில் மூன்று ஜோக் வேறு.

முதல்வர் வசந்தா மேடத்துக்கு ஐம்பது வயது இருக்கலாம். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். விழாவுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஆண்டறிக்கையை என் கையில் கொடுத்து, “படிச்சுப் பாருங்க. போரடிச்சா சொல்லுங்க, வெட்டிடலாம்” என்றார். இப்படிச் சொன்ன முதல் முதல்வர் இவர்தான். எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

படித்தேன். ஒரே ஒரு தையல் வகுப்போடு தொடங்கிய கல்லூரி. இந்த ஒரு வருடத்தில் நர்ஸிங் உதவியாளர் வகுப்பும், டூவீலர் மெக்கானிக் வகுப்பும் சேர்ந்திருக்கின்றன. வீரசோழனிலிருந்து பெண்கள் கூட்டமாக பஸ் ஏறி வருகிறார்கள். கைப்பிள்ளைக்காரிகளுக்காக ஒரு மூலையில் தொட்டில்கள். எல்லாம் சரி. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது பாருங்கள்... ‘மண்ணின் ஈரப்பதத்தைக் கருத்தில் கொண்டு பயிற்சி நாட்காட்டி திருத்தி அமைக்கப்பட்டது.’

மண்ணின் ஈரப்பதமா? தையல் கிளாஸுக்கா?

“என்ன மேடம் இது?” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சுவரில் இருந்த பாக்கெட்டைக் காட்டினார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “முத்துமாரி, இங்க வா. உன் கதையைத்தான் கேக்குறாங்க” என்றார்.

முத்துமாரி வந்தார். முப்பத்தைந்து வயதுக்காரர், இரண்டு பிள்ளைகளின் தாய். கழுத்தில் இஞ்ச் டேப். தையல் வகுப்பின் முதல் வருட மாணவி, இப்போது அதே வகுப்பின் பயிற்சியாளர். அந்த விரல் அடையாளத்துக்குச் சொந்தக்காரர். இருவரும் மாறி மாறிச் சொன்னதைத்தான் இனி எழுதுகிறேன்.

போன வருடம் தையல் வகுப்புக்கு முதல் செய்முறைத் தேர்வு. தேதி குறித்தவர் வசந்தா மேடம். ஐப்பசியில் ஒரு நல்ல நாள் பார்த்துக் குறித்திருக்கிறார். மதுரையிலிருந்து தேர்வாளர் வர வேண்டும். ஐந்து மணிக்குள் வராதவர்களுக்கு ஆப்சென்ட். பாதிப் பேராவது தேர்வு எழுதாவிட்டால், அடுத்த வருடம் வகுப்பு நடத்த அனுமதி கிடையாது. வகுப்பே ஒன்றுதான். அது போனால் கல்லூரியைப் பூட்டிவிட்டு, மறுபடி பஞ்சு மூட்டையைத்தான் அடுக்க வேண்டும்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு மழை பெய்தது. சாதாரண மழை இல்லை, நல்ல உழவு மழை. இந்தப் பக்கம் கால்வாய் கிடையாது, ஆற்றுப் பாசனம் கிடையாது. வானம் கொடுத்தால்தான் உண்டு. மழை பெய்து, கரிசல் மண் கொஞ்சம் இறுகி, டிராக்டர் இறங்குகிற பதத்துக்கு வந்ததும் விதைத்தாக வேண்டும். அந்தப் பதம் சரியாகத் தேர்வு அன்று காலையில் வந்து நின்றது.

காலை பத்து மணி. மெஷின்கள் எல்லாம் துடைத்துவைத்து, எண்ணெய் போட்டு, வரிசையாக நிற்கின்றன. தேர்வாளர் வந்துவிட்டார். மாணவிகள்? ஒருத்தர்கூட இல்லை.

“வாசல்ல ஒரு செருப்புகூட இல்ல” என்றார் மேடம். “எல்லாரும் பயந்து நின்னுட்டாங்கன்னு நெனச்சேன். நான் என்னத்தப் பாடம் நடத்துனேன்னு எனக்கே சந்தேகம்!”

முத்துமாரிக்கு போன் அடித்திருக்கிறார். பின்னால் டிராக்டர் சத்தம். முத்துமாரி கத்திச் சொன்ன பதில், “மேடம், பதம் வந்திருச்சு! இன்னைக்கு விட்டா ஈரம் காஞ்சிரும். பரீட்சை என்ன, காஞ்சா போயிரும்? வெதைச்சுட்டு வாரோம். வந்தவுகள எப்படியாச்சும் உக்கார வைங்க!”

போன் கட்.

மேடம் முதலில் அழுதிருக்கிறார். அப்புறம் கோபப்பட்டிருக்கிறார். இன்றைக்கும் அந்தக் கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. “ஒரு மாசம் முன்னாடியே தேதிய போர்டுல எழுதிப் போட்டேங்க. யாராவது ஒருத்தி, மழை வந்தா வரமாட்டோம் மேடம்னு சொல்லியிருக்கலாம்ல?”

முத்துமாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “மழை பேஞ்சா வெதைப்போம்னு யாராச்சும் போயிச் சொல்லுவாகளா? பொழுது விடிஞ்சா எந்திரிப்போம்னு சொல்ற மாதிரியில்ல இருக்கும்! உங்களுக்குத் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியாதுல்ல மேடம்.”

கும்பகோணத்துக்காரருக்கு எப்படித் தெரியும்? அவர் ஊரில் தண்ணீர் வாய்க்காலில் வரும். இங்கே வானத்திலிருந்து வர வேண்டும். தமிழ்நாடு என்று ஒரே பெயரை வைத்துவிட்டோம். பஸ்ஸில் அரை நாள் தூரம்தான், அதற்குள் காலண்டரே வேறாகிவிடுகிறது.

முத்துமாரிக்கு மட்டும் தேர்வு முக்கியம் இல்லையா என்ன? அருப்புக்கோட்டையில் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில், சர்டிபிகேட் இருந்தால் வேலை என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். குமாரலிங்கபுரம் பக்கம் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்ற பேச்சும் இருந்தது. வீட்டிலோ, ‘இந்த வயசுல என்ன படிப்பு’ என்று தினமும் பாட்டு. தேர்வை விட்டால் அத்தோடு சரி, இன்னொரு வருடம் அனுப்ப மாட்டார்கள்.

“வெதைப்பா பரீட்சையான்னு கேட்டா, வீட்ல வெதைப்புன்னுதான் சொல்லுவாக. எனக்கு ரெண்டும் வேணும். அதனால நான் யார்கிட்டயும் கேக்கவே இல்ல” என்றார் முத்துமாரி.

வகுப்புத் தோழிகள் எல்லாருமாகச் சேர்ந்து திட்டம் போட்டிருக்கிறார்கள். விடிகிற நேரத்தில் இறங்கி, ஒருத்தர் காட்டை முடித்து அடுத்தவர் காடு. இங்கே வானம் பார்த்த நிலத்துக்குக் காடு என்றுதான் பெயர். டிராக்டர் முன்னால் உழுதுகொண்டு போக, பின்னாலேயே நடந்து உழுத சாலில் மக்காச்சோளம் போட வேண்டும். ஆள் சேர்ந்தால் வேலை ஓடும்.

இங்கே மேடம் தேர்வாளரிடம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். கண்டிப்பானவர், சிரிக்கவே மாட்டார் என்று பெயர் வாங்கியவராம். என்ன சொல்வது? காய்ச்சல் என்று சொல்லலாமா? எல்லாருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வருமா? கடைசியில் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

அவர் கேட்ட முதல் கேள்வி: “எத்தன உழவு மழை?”

மேடத்துக்குப் புரியவில்லை. மழை மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைக் கரிசல்காரர்கள் உழவுக் கணக்கில்தான் கேட்பார்கள்.

“எனக்கு விளாத்திகுளம் பக்கம். எங்க காட்லயும் இன்னைக்குத்தான் வெதைப்பு. நானே லீவு கேட்டேன், தரல” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை ஃபேனுக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு, “அஞ்சு மணி வரைக்கும் எனக்கு டயம் இருக்கு. வரட்டும்” என்றாராம். அப்புறம் வீட்டுக்கு போன் போட்டு, விதைப்பு எந்த அளவில் இருக்கிறது என்று அரை மணி நேரம் விசாரித்திருக்கிறார்!

இரண்டு மணிக்கு ஒரு லோடு வண்டி வந்து நின்றது. உள்ளே இருந்து ஒவ்வொருத்தராகக் குதித்தார்கள். முழங்கால் வரை கரிசல் சேறு. குழாயடியில் வரிசையாகக் கழுவிவிட்டு மெஷினில் உட்கார்ந்தார்கள். சட்டைப் பாக்கெட் தைக்கக் கொடுத்ததோ வெள்ளைத் துணி. விதைச் சோளத்துக்குப் பூச்சி மருந்து கலந்து ரோஸ் சாயம் ஏற்றியிருப்பார்கள், தெரியுமா? சேறு போய்விட்டது. சாயம் போகவில்லை. எல்லாருக்கும் விரல் ரோஸ்.

தேர்வாளர் ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் பார்த்தார். முத்துமாரியின் பாக்கெட்டை மட்டும் ரொம்ப நேரம் வைத்திருந்தார். “தையல் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு. ஆனா சுத்தம்னு தனியா மார்க் இருக்கும்மா. அதுல நான் கண்ண மூட முடியாது” என்று சொல்லி, சுத்தத்துக்கு ஒரு பெரிய முட்டை போட்டார். மற்றதிலெல்லாம் முழு மார்க்.

அன்றைக்கு வகுப்பே பாஸ். கல்லூரியும் பிழைத்தது.

“சோப்பு போட்டு மூணு தடவ கழுவுனேன்க்கா. முட்டை போட்டுட்டாரு” என்று என்னிடம் இன்னமும் குறைபட்டுக்கொண்டார் முத்துமாரி. கம்பெனி வேலை கிடைத்துச் சில மாதம் பார்த்திருக்கிறார். இங்கே பயிற்சியாளர் வேண்டும் என்று மேடம் கூப்பிட்டதும் திரும்பி வந்துவிட்டார். காரணம்? “அங்க வெதைப்புக்கு லீவு கெடையாது.”

இங்கே உண்டு. மற்ற ஊரில் மழை பெய்தால், வர முடியாது என்று லீவு விடுவார்கள். இந்தக் கல்லூரியில் மழை பெய்தால், போக வேண்டும் என்று லீவு! செய்முறைத் தேர்வைக் காய்கிற ஆனி மாதத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வருடத்தில் ஒரு கல்லூரி என்ன வளர்ந்தது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மெஷின் யாரும் வாங்கலாம். வந்த ஊரின் காலண்டரைப் படிக்கக் கற்றுக்கொள்வது பெரிய படிப்பு. சொல்லிக்கொடுக்க வந்த இடத்தில் மேடம் அதைப் படித்துப் பாஸ் செய்திருக்கிறார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

சரி, விழாவுக்கு வருவோம். இந்த வருடம் மழை தாமதம். அந்த வாரமும் கிடையாது என்று பத்துப் பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் மேடம் தேதி குறித்திருக்கிறார். குடோன் நிறையக் கூட்டம். அவர் ஆண்டறிக்கை வாசிக்க ஆரம்பித்தார். மூன்றாம் பக்கம், அந்த ஈரப்பத வரி வந்தபோது... தகரக் கூரையில் டொக் என்று ஒரு சத்தம். இன்னொன்று. அப்புறம் தடதடவென்று பிடித்துக்கொண்டது.

கூட்டம் மொத்தமும் மேலே பார்த்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மேடைக்கு மரியாதை! ஆனால் ஒவ்வொரு முகத்திலும் தவிப்பு.

வசந்தா மேடம் அறிக்கையை மடித்து வைத்தார். மைக்கை வாய்க்கு நெருக்கமாக இழுத்து, கும்பகோணத்துக் குரலில் கத்தினார்: “சர்டிபிகேட்ட வாங்கிக்கிட்டு உடனே கிளம்புங்க! பதம் வந்தா எல்லாருக்கும் ஒரே நாள்லதான் வரும். இப்பவே சொல்லி வைக்கலேன்னா டிராக்டர் கிடைக்காது!”

அப்படி ஒரு கைதட்டலை நான் எந்த ஆண்டு விழாவிலும் கேட்டதில்லை. நான் சர்டிபிகேட்டுகளைச் சீட்டு போடுகிற வேகத்தில் கொடுத்தேன். போட்டோ கிடையாது, பொன்னாடை கிடையாது. சேலைத் தலைப்புக்குள் சர்டிபிகேட்டைச் சுருட்டிக்கொண்டு மழைக்குள் ஓடினார்கள். முதலில் ஓடியது பயிற்சியாளர் முத்துமாரி!

ஐந்து நிமிடத்தில் குடோன் காலி. என் எட்டுப் பக்கம் கையில் அப்படியே இருந்தது. மைக்செட்காரர் மட்டும் வயரைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

“பேசுறதுன்னா பேசுங்கம்மா...” என்று இழுத்தவர், வெளியே எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “எனக்கும் ரெண்டு ஏக்கரு கெடக்கு.”

“கட்டுங்க அண்ணே மைக்கை” என்றேன். என் பேச்சு என்ன, காய்ந்தா போய்விடும்?